ஞாயிற்றுக்கிழமை அண்டா

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், "4 வீடு, 14 பேர், திங்கள் முதல் சனி வரை" என்று எழுதியிருக்கிறது. மேடவாக்கத்தில் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கும் தோழிகள் நாங்கள் நால்வர். நால்வருமே வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறுதோறும் ஒருத்தி வீட்டில் கூடி, வாரம் முழுவதற்கும் சேர்ந்து சமைத்து, டப்பாக்களில் பிரித்து எடுத்துப்போவது என்று தொடங்கினோம். எட்டு மாதமாக விடாமல் செய்துவருகிறோம். கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "நேரம் மிச்சமாகுதா?" என்பதுதான். நோட்டைப் புரட்டிப் பார்த்தே இதற்குப் பதில் சொல்கிறேன்: மிச்சமாகவில்லை.

முன்பு நான் தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் நிற்பேன். ஆறு நாளைக்கு 9 மணி நேரம். கூட்டுச் சமையல் தொடங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமை 5 மணி நேரம், வியாழன் இரவு பட்டியல் போட அரை மணி. வாரநாளில் சோறு வடிக்கவும், குழம்பைச் சுடவைக்கவும், ஒரு பொரியல் வதக்கவும் தினம் 40 நிமிடம். அது ஆறு நாளைக்கு 4 மணி நேரம். கூட்டினால் ஒன்பதரை. முன்பைவிட அரை மணி அதிகம். மற்ற மூவர் கணக்கும் ஏறத்தாழ இப்படித்தான். ஆனாலும் ஒருத்திகூட நிறுத்திவிடலாம் என்று சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மணி நேரமும் இன்னொரு மணி நேரமும் ஒன்றாகிவிடாது. விடியற்காலை ஐந்தரை மணிக்குக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே மூன்று டிபன் டப்பாவுக்கு மூடி தேடுகிற நேரம் வேறு. நான்கு பேர் தரையில் உட்கார்ந்து மூன்று கிலோ சின்ன வெங்காயம் உரிக்கிற நேரம் வேறு. அன்றாடச் சமையலின் பாரம் பாதிதான் கையில் இருக்கிறது. மீதிப் பாதி, "நாளைக்கு என்ன பண்றது?" என்று ராத்திரி படுக்கும்போது மனத்தில் ஓடும் கேள்வியில் இருக்கிறது. வீட்டில் வேறு யாரும் அந்தக் கேள்வியைச் சுமப்பதில்லை. வியாழக்கிழமை இரவு நாங்கள் பட்டியல் போட்ட அந்த அரை மணி நேரம்தான் அதை முதன்முதலாக என் தலையிலிருந்து இறக்கிவைத்தது. இந்தப் பழக்கத்தின் ஆகப் பெரிய பலனாக நான் கருதுவது இதைத்தான்.

கனடாவின் கியூபெக்கில் இதை ஓர் இயக்கமாகவே வளர்த்திருக்கிறார்கள். 1982-ல் மான்ட்ரியலில், உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஓஷலாகா மெசொன்னவ் பகுதியில், சில பெண்கள் காசையும் உழைப்பையும் சேர்த்துப்போட்டுச் சமைத்ததில் தொடங்கியது அது. 'கூட்டுச் சமையலறை' என்றே அதற்குப் பெயர். 1990-ல் இத்தகைய குழுக்களுக்கென ஒரு கூட்டமைப்பும் உருவானது. அவர்கள் வேலையை நான்காகப் பிரிக்கிறார்கள்: திட்டமிடுதல், வாங்குதல், சமைத்தல், முடிந்தபின் கூடி மதிப்பிடுதல். சமைத்தல் மூன்றாவதாக வருவதையும், அத்தோடு முடிந்துவிடாமல் நான்காவதாக ஒன்று இருப்பதையும் கவனிக்க வேண்டும். நாங்கள் அந்த நான்காவதைப் பல வாரம் செய்யவே இல்லை. எங்கள் தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தன.

சேர்ந்து சமைப்பது நமக்குப் புதிதில்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்ததும், மிளகாய் காயவைத்து மில்லில் அரைத்து வந்ததும், தீபாவளிக்கு முந்தின ராத்திரி முறுக்கு சுட்டதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒன்றுகூடிச் செய்த வேலைகள். அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. வெயிலில் காய்ந்தோ, உப்பிலும் புளியிலும் ஊறியோ, எண்ணெயில் பொரிந்தோ தாமாக நிற்கக்கூடிய பண்டங்களையே கூடிச் செய்தார்கள். சாம்பாரை யாரும் கூடி வைக்கவில்லை. அது அந்தந்த வீட்டில் அன்றன்றைக்கு நடந்தது.

வாரக் கணக்கும் நமக்குத் தெரிந்ததுதான். ஞாயிறு மாலை ஆட்டிய மாவு திங்கள் காலையில் இட்லி. புதன்கிழமை கொஞ்சம் புளித்திருக்கும். தோசைக்கு அதுதான் பதம். வெள்ளிக்கிழமை வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு ஊத்தப்பம், மிஞ்சினால் பணியாரம். மாவு மாற மாறப் பலகாரமும் மாறும். அதை மாறாமல் நிறுத்திவைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. மிஞ்சிய குழம்பைச் சுண்டவைத்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதும் இதே அறிவுதான்.

நாங்கள் முதல் இரண்டு மாதம் செய்தது இதற்கு நேர்மாறு. திங்களுக்கு சாம்பார், செவ்வாய்க்குக் காரக்குழம்பு, புதனுக்குக் குருமா என்று எல்லாவற்றையும் ஞாயிறே முழுசாக முடித்து, டப்பாக்களில் பெயர் எழுதி ஃபிரிட்ஜிலும் ஃப்ரீசரிலும் அடுக்கினோம். அடுக்கிய அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஃப்ரீசரிலிருந்து வந்த உருளைக்கிழங்கு மணல் மணலாக உதிர்ந்தது. முருங்கைக்காய் நாராகப் பிரிந்தது. தேங்காய் அரைத்த குருமா நீர் வேறு, விழுது வேறாக நின்றது. ரசத்தில் புளிப்பு இருந்தது, வாசனை போய்விட்டிருந்தது. "அம்மா, இது ஞாயித்துக்கிழமை சாம்பார்தானே?" என்று என் மகன் கேட்டபோது அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சுவை கெட்டதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிறு கோழிக்குழம்பு வைத்தோம். பெரிய தேக்சா, மேலே கனமான மூடி. பேசிக்கொண்டே இருந்ததில் இரவு ஒன்பது மணிக்குத்தான் பிரித்தோம். அப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாள் உண்டு, செவ்வாய்க்கிழமை இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் பேதியும். காரணம் அந்தக் குழம்புதான் என்று எந்தப் பரிசோதனையும் நிரூபிக்கவில்லை. ஆனால் நாங்கள் செய்ததில் பிழை இருந்தது நிச்சயம். 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரையான சூடு நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு வாய்ப்பான இடம். சின்னச் சட்டி அந்த எல்லையைச் சீக்கிரம் கடந்துவிடும். அண்டாவின் நடுவிலோ மணிக்கணக்கில் சூடு நின்றுகொண்டே இருக்கும். இறைச்சிக் குழம்பில் பெருகும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் கிருமிக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னும் பிடிவாதமானது. அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. அது விடுகிற ஒருவகை நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழிவதில்லை. ஆகவே, "நல்லா கொதிக்க வெச்சா சரியாப் போயிடும்" என்ற நம் வழக்கமான சமாதானம் இங்கே உதவாது. சமைத்த உணவு ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள்தான் தாங்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஞாயிறு சமைத்தது புதன் அல்லது வியாழனோடு முடிந்துவிட வேண்டும். ஃப்ரீசர் சரியாக இல்லாத வீட்டில், மின்வெட்டும் இருக்கிற ஊரில், 'ஒரு வாரச் சமையல்' என்ற பெயரிலேயே ஆபத்து இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நோட்டோடு உட்கார்ந்து பேசினோம். இப்போது நாங்கள் முழுச் சாப்பாட்டைச் செய்வதில்லை. மாவு, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு, பருப்புப்பொடி, இஞ்சி பூண்டு விழுது, வெங்காயமும் தக்காளியும் சுருள வதக்கிய மசாலா, வேகவைத்து ஃப்ரீசரில் வைத்த கொண்டைக்கடலை, இவ்வளவுதான். தேங்காய் அரைப்பதும் தாளிப்பதும் அவரவர் வீட்டில். பாட்டிமார் கூடிச் செய்ததற்கும் தனித்துச் செய்ததற்கும் நடுவே போட்ட கோட்டை நாங்கள் சுற்றி வந்து மறுபடி கண்டுபிடித்திருக்கிறோம். செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கோயம்பேட்டில் மொத்தமாக வாங்கியதில் வெங்காயத்திலும் தக்காளியிலும் கொஞ்சம் மிஞ்சியது. அது டப்பாவுக்கும் ஆட்டோவுக்கும் சரியாகிவிட்டது.

அடுப்பைத் திருத்த முடிந்தது. திருத்த முடியாத குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. 2024-ல் நடந்த மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டாருக்காக ஊதியமில்லாமல் வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்களுக்கு 88 நிமிடம். இந்த இடைவெளியைக் குறைக்க எங்கள் கூட்டுச் சமையல் ஒன்றும் செய்யவில்லை. பெண்ணின் வேலையைப் பெண்களே பகிர்ந்துகொண்டோம். வாரத்தில் இருந்த ஒரே ஓய்வு நாளையும் அதற்குக் கொடுத்தோம். சிரித்துப் பேசிச் செய்ததால் அது வேலையாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் தோன்றவில்லை. "நீங்க ஜாலியா இருந்துட்டு வாங்க" என்று வழியனுப்பியவர்கள் திங்கட்கிழமை டப்பாவைத் திறந்தார்கள். சுமை இனிமையாகிவிட்டால் அது யாருடையது என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. இந்தக் குறைதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யாரோடு சேர்ந்து சமைக்கலாம் என்பது இந்த மண்ணில் எளிய கேள்வி அல்ல. 1922-ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய குரல் தமிழக அரசியலையே உலுக்கியது. நூறு ஆண்டு கழித்தும், பள்ளிக் காலை உணவைப் பட்டியல் சாதிப் பெண் சமைத்தால் பிள்ளைகளை உண்ணவிடாத பெற்றோர் இருக்கிறார்கள். எங்கள் நால்வரில் ஒருத்தி சைவம். அவளுக்குத் தனிக் கரண்டி, தனி வாணலி வைத்தோம். அது உணவுப் பழக்கத்துக்குத் தரும் மரியாதை, அதில் சங்கடம் இல்லை. ஆனால் ஐந்தாவதாக ஒரு தோழியைச் சேர்க்கலாம் என்றபோது, ஒரு வீட்டுப் பெரியவர், "அவங்க எந்த ஊரு, யாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் யாரும் எதுவும் பேசவில்லை. அவள் சேரவும் இல்லை. நட்பு என்ற பெயரில் நாங்கள் சிக்கலின்றிச் சமைத்ததற்கு, முன்பே பழகிய வட்டத்துக்குள் இருந்துகொண்டதும் ஒரு காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

நோட்டில் விடுபட்ட ஆளும் ஒருவர் உண்டு. பெரும்பாலான ஞாயிறுகளில் மாலை ஐந்து மணிக்கு நாங்கள் டப்பாக்களோடு கிளம்பியதும் அந்த வீட்டுத் தொட்டியில் தேக்சா, வாணலி, கிரைண்டர் கல், குக்கர்கள் எல்லாம் குவிந்து கிடக்கும். திங்கட்கிழமை காலையில் அதைத் துலக்கியது அந்த வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா. மாதச் சம்பளம் ஒரு குடும்பத்தின் பாத்திரத்துக்குப் பேசியது. அவர் துலக்கியதோ நான்கு குடும்பத்தின் பாத்திரத்தை. எங்கள் வீட்டு முறையில், "ஏம்மா, ஞாயித்துக்கிழமை கல்யாணமா?" என்று அவர் ஒருநாள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது துலக்கிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். தோழி ஒருத்தியின் கணவர் கடந்த மூன்று வாரமாக வந்து தொட்டியடியில் நிற்கிறார். மற்ற மூன்று வீட்டிலிருந்தும் இன்னும் யாரும் வரவில்லை. துலக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அதையும் நோட்டில், செய்தவர் பெயரோடு, தனி வரியாக எழுதுகிறோம்.