ஸ்ட்ரைக் இல்லை, கதவடைப்பு

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். கால்பந்து சீசனை நிறுத்திவைத்த செய்தி வந்தபோது, ராதாபுரம் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, ஆட்டக்காரப் பயலுவ ஸ்ட்ரைக்கா?"

இல்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் லீக்கை நடத்திவந்த நிறுவனமும் 2010-இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடியவிருந்தது, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணி வீரர்களின் சம்பளத்தையே நிறுத்திவைத்தது.

2011-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்திலும் கதவைப் பூட்டியது முதலாளிகள்தான். சீசன் 82 ஆட்டங்களிலிருந்து 66 ஆகச் சுருங்கியது. வருமானத்தில் 57 சதவீதமாக இருந்த வீரர்களின் பங்கு ஏறக்குறைய பாதிக்கு இறங்கியது. வீரர்களுக்கு அது இழப்புதான். ஆனால் மேஜைக்கு எதிரே அவர்களுடைய தொழிற்சங்கம் உட்கார்ந்து பேரம் பேசியது. இங்கே முடிந்துபோன ஒப்பந்தத்தில் வீரர்கள் ஒரு தரப்பே கிடையாது. கையெழுத்து யாரோ போட்டது, சம்பளம் போனது இவர்களுக்கு.

இதை 'நிர்வாகக் குழப்பம்' என்று எழுதி நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். விளையாட்டு என்றதும், மைதானமும் ஒரு வேலையிடம் என்பது நமக்கு மறந்துபோகிறது.

முழுக்கதையும் சொன்னதும் பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப அது கதவடைப்புல்லா?"

அதேதான்.