தகப்பனின் காமிரா

ஆட்டிஸம் உள்ள குழந்தையைப் படம் பிடிப்பது சுலபம். ஜன்னலோரம் உட்கார வைத்து, அரை இருட்டில் முகத்தைத் திருப்பிவிட்டால் போதும். பார்ப்பவருக்குக் கண்ணீர் வந்துவிடும். அந்தக் கண்ணீரை நான் நம்புவதில்லை.

காரணம், என் குற்றம்தான். பல வருஷங்களுக்கு முன் ஒரு கதையில் வாய் பேசாத பையன் ஒருவனைக் கொண்டுவந்து வாசகர்களை அழ வைத்தேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் திமோத்தி ஆர்ச்சிபால்டின் 'எக்கோலிலியா' என்ற புத்தகத்தைப் பார்த்தபோது அந்தக் கதை உறுத்திற்று. 2010-ல் வெளிவந்த புத்தகம். படங்களில் இருப்பது அவருடைய மகன். ஐந்து வயதில் எடுக்கத் தொடங்கியவை. பிறர் சொன்னதையே திரும்பச் சொல்லும் வழக்கத்தை வைத்தியர்கள் 'எக்கோலேலியா' என்பார்கள். தலைப்பு அதன் சாயல்தான்.

ஒரு படத்தில், சாமான் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் பையன் சுருண்டு கிடக்கிறான். முதலில் 'ஐயோ, சிறை!' என்று தோன்றுகிறது. மறுபடி பார்த்தால், நாலு பக்கமும் சுவர் அணைத்துக்கொள்வதில் சுகம் காண்கிறானோ என்றும் தோன்றுகிறது. படம் எதையும் தீர்த்துச் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் அது கலையாகிறது.

தகப்பன் கட்டளையிட்டு எடுத்த படங்கள் மட்டுமல்ல இவை. பையனும் யோசனை சொல்லியிருக்கிறான். ஆனாலும் புத்தகம் தகப்பன் பெயரில்தான் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை 'சரி' என்று சொன்னால், எதற்குச் சரி சொன்னோம் என்று அதற்குத் தெரியுமா? இந்தக் கேள்விக்குப் படங்களின் அழகு பதில் ஆகாது. எனக்கு இருக்கும் ஒரே ஆட்சேபம் இதுதான். அது சின்ன ஆட்சேபமும் அல்ல.

மூளைகள் பலவிதம், எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டியதில்லை என்ற கருத்துக்கு 1990-களின் பிற்பாதியில் ஆங்கிலத்தில் ஒரு புதுப் பெயரே கிடைத்தது. பிரசங்கமாகக் கேட்டால் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவோம். இந்தப் படங்களின் முன்னால் அப்படிப் போக முடியவில்லை. பெற்ற பிள்ளை தனக்கே புரியவில்லை என்று ஒரு தகப்பன் ஒப்புக்கொண்டு, புரியாமலே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

என் கதையைத் திரும்ப எழுதுவதானால், பையனை ஜன்னலோரம் உட்கார வைக்க மாட்டேன். அவன் எதைக் கையில் எடுக்கிறான் என்று முதலில் பார்ப்பேன்.