ஆங்கிலத் துணை வினைகள்: பாடநூல் பிரிப்பும் அதன் குறைகளும்

ஆங்கில இலக்கணத்தில் வினைச்சொற்கள் முதன்மை வினை, துணை வினை என இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. செயலைக் குறிப்பது முதன்மை வினை எனவும், காலம், வினா, எதிர்மறை ஆகியவற்றைக் காட்ட அதற்கு உதவுவது துணை வினை எனவும் பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. இவ்விளக்கத்தை அடுத்து 'பி', 'ஹேவ்', 'டூ' ஆகியவற்றின் வடிவங்களும் 'கேன்', 'வில்', 'மஸ்ட்' போன்றவையும் ஒரே பட்டியலாகத் தரப்படுவது வழக்கம். மாணவர் பட்டியலை மனப்பாடம் செய்கிறார். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

'ஷி டஸ் ஹெர் ஹோம்வொர்க்' என்ற வாக்கியத்தில் உள்ள 'டஸ்' பட்டியலில் இருக்கும் சொல்தான். ஆனால் இங்கு அது எதற்கும் துணையாக வரவில்லை; அதுவே செயல். எதிர்மறையாக்கினால் 'ஷி டஸ் நாட் டூ ஹெர் ஹோம்வொர்க்' என அதே வினை இருமுறை வருகிறது. முன்னது துணை, பின்னது முதன்மை. பட்டியலை மட்டும் நம்பியவர் பின்னதை விட்டுவிட்டு 'ஷி டஸ் நாட் ஹெர் ஹோம்வொர்க்' என எழுதிவிடுவார். பட்டியல் சொல்லைக் காட்டுகிறது. அந்தச் சொல் அந்த இடத்தில் செய்யும் வேலையைக் காட்டுவதில்லை.

'உதவுவது' என்ற விளக்கமும் போதுமானதன்று. 'ஹி இஸ் எ டாக்டர்' என்பதில் 'இஸ்' மட்டுமே வினை என்பதால் பாடநூல்கள் அதை முதன்மை வினை என்கின்றன. ஆனால் அதன் நடத்தை வேறு. வினாவில் அது எழுவாய்க்கு முன்னே செல்கிறது. 'நாட்' என்பதை நேரடியாக ஏற்கிறது. 'யெஸ், ஹி இஸ்' எனப் பதிலில் தனித்து நிற்கிறது. 'டூ'வின் உதவி அதற்குத் தேவையில்லை. இத்தகைய நடத்தையை அளவுகோலாகக் கொண்ட ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளிவந்த தங்கள் கேம்பிரிட்ஜ் இலக்கண நூலில் இந்த 'இஸ்'ஸையும் துணை வினையாகவே கொள்கின்றனர். 1985இல் வெளிவந்த குவர்க் குழுவினரின் இலக்கணமோ 'பி', 'ஹேவ்', 'டூ' மூன்றையும் தனி வகையாக நிறுத்துகிறது. அறிஞரிடையே உள்ள இந்த வேறுபாடு பள்ளி மாணவரை எட்டுவதில்லை. 'ஹேவ்' இன்னும் வழுக்கலானது: 'ஹேவ் யூ எ கார்?' என்ற பழைய பிரித்தானிய வழக்கின் இடத்தை இன்று பெரும்பாலும் 'டூ யூ ஹேவ் எ கார்?' பிடித்துவிட்டது.

துணை வினை என்று பெயர் இருந்தாலும் காலத்தைச் சுமப்பது அதுவே. வினைத்தொடரில் முதலில் நிற்கும் வினை மட்டுமே காலம் காட்டும். 'டிட் யூ வென்ட்?', 'ஹி டஸ் நாட் கோஸ்' ஆகிய பிழைகள் இந்த ஒரு விதியை மீறுவதால் வருபவை.

தமிழ் மாணவருக்கு இவ்விதி புதிதன்று. 'எழுதிக்கொண்டிருந்தான்', 'எழுதிக்கொண்டிருப்பான்' என்பவற்றில் 'எழுதி' மாறுவதில்லை. காலமும் இடமும் கடைசியில் வரும் 'இரு' மீதே ஏறுகின்றன. ஆங்கிலத்தில் அந்த இடம் முன்னால் உள்ளது, அவ்வளவே. ஒரே சொல் இரு வேலை செய்வதும் பழக்கமானதுதான்: 'வீட்டில் இருக்கிறான்' என்பதில் 'இரு' முதன்மை வினை, 'எழுதியிருக்கிறான்' என்பதில் துணை வினை.