பேசாத தாய்க்குக் கொடுத்த குரல்

கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980) தமிழின் பழைய அச்சுநூல்களைத் தேடி ஐரோப்பிய நூலகங்களில் அலைந்தவர். 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ்ச் சிறுநூலையும், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்க’த்தையும் பற்றித் தமிழுலகம் அறிய எழுதினார். இரண்டிலும் இருப்பவை செபங்களும் ஞானோபதேசமுமே. வாயால் சொல்லிச் சொல்லி மனத்தில் பதிக்க எழுதப்பட்டவை. யாழ்ப்பாணத்தின் எங்கள் தீவுப்பகுதிக் கத்தோலிக்கரின் பக்தியும் அந்த வழியில் வந்ததுதான். வேதத்தை நாங்கள் கண்ணால் வாசித்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். அந்தக் கேள்விமரபின் உச்சமென்று நான் கருதுவது தபசுகாலத்தில் படிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம்.

அதை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் கோவாவைச் சேர்ந்தவர். 1676இல் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் இங்கேயே இறந்தார். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தபின், 1687இல் யோசேப் வாஸ் அடிகள் இலங்கைக்கு வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது வருடம் சனங்கள் குருவானவர் இல்லாமல் வாழ்ந்தார்கள். மனப்பாடமாக வைத்திருந்த செபங்களே அவர்களின் கோயில். பிறகு வந்த குருமாரும் ஒளித்துத்தான் நடமாடினார்கள். அப்படிப்பட்ட சனங்களின் கையில் இருக்கவேண்டியது, சுவாமியார் வராத நாளிலும் பிரசங்கம் கேட்கச் செய்யும் ஒரு புத்தகம். இயேசுவின் பாடுகளைப் பற்றிய ஒன்பது பிரசங்கங்கள் அந்த வேலையைச் செய்தன. குரு பேசவேண்டியதை ஊரிலுள்ள எழுத்தறிந்த யாரும் படிக்கலாம் என்றானது சிறிய காரியமல்ல. இந்த மரபின் முதல் பலமாக நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு பலம் இதைவிட ஆழமானது. யோவான் நற்செய்தியில் சிலுவையடியில் மரியாள் நிற்கிறார். ஒரு சொல்லும் பேசவில்லை. சுவிசேஷகன் விட்ட அந்த மௌனத்தைப் பாடுகளின் பக்திமரபு புலம்பலால் நிரப்பியது. வேதத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் செத்தவீட்டில் தாய் வாய்திறக்காமல் நிற்பதை எங்கள் பெண்களால் கற்பனைசெய்ய முடியாது. ஒப்பாரி தெரிந்த சனங்கள் தங்கள் ஒப்பாரியை மாதாவுக்கு இரவல் கொடுத்தார்கள். அம்மம்மா விறாந்தையில் பாய்விரித்து, வசனத்தின் கடைசி எழுத்தை இழுத்து இழுத்துப் படிப்பா. “இதை அழாமல் வாசிக்கேலாது, பிள்ளை” என்பா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரால் தீவை விட்டு இடம்பெயர்ந்தபோதும் அந்தப் புத்தகம் பெட்டிக்குள் வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஜாம் போத்தல் விளக்கின் திரியைச் சிறிதாக்கி வைத்துப் படித்தோம். தங்கள் துக்கத்தை வெளியே சொல்லப் பயந்தவர்கள் மாதாவின் துக்கத்துக்காக அழுதார்கள். யாரும் அதைத் தடுக்கவில்லை.

இவ்வளவு நேசிக்கும் ஒரு வழக்கத்தின் குறையைச் சொல்லும்போது மனம் கூசத்தான் செய்கிறது. எங்கள் வீட்டில் படித்து முடிந்ததும் மனஸ்தாப மந்திரம் சொல்லுவோம். அழுகை முழுவதும் ‘என் பாவமே இதற்குக் காரணம்’ என்ற இடத்தில் போய் அடங்கும். அது தவறான விசுவாசம் அல்ல. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் ஒரு மனிதரைப் பிடித்து, அடித்து, கொல்லக் கட்டளையிட்ட பிலாத்துவின் ஆட்சி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. மகனைப் பிடித்துக்கொண்டு போன பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்காத அயல்வீட்டு மாமி ஒருவர் எங்களோடு வந்து இருந்து கேட்பார். அழமாட்டார். ஒருநாள் புத்தகத்தை மூடியதும், “பிலாத்துவுக்குப் பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. நாங்கள் மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கினோம். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்தியில் இடம் இல்லாமற் போனதை இன்றும் என்னால் சீரணிக்க முடியவில்லை.

யூதர் என்ற முழு இனத்தின் மேல் பழியைப் போடும் பழக்கமும் உலகெங்கும் பாடுகளின் மரபுகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அதைத் தெளிவாக நிராகரித்தது. ஆகவே பழைய பிரதிகளைப் படிப்பவர்கள் அத்தகைய இடம் வந்தால் நின்று விளக்கவேண்டும்.

மொழி கடினம், பிள்ளைகளுக்கு விளங்காது என்று இதைக் கைவிடச் சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். மாற்றாக வந்திருப்பது என்ன? காலையில் கைத்தொலைபேசிக்கு வரும் சிந்தனை: ஒரு வசனம், ஒரு குட்டிக்கதை, கடைசியில் ஒரு புத்திமதி. சில நல்லவை; வெளிநாட்டில் தனியே வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது துணையாகவும் இருக்கும். ஆனால் கெத்சமனித் தோட்டத்தின் வேதனையை ஒரு நிமிடத்தில் ‘மனஅழுத்தத்தை வெல்லும் வழி’யாக மாற்றும்போது வேதம் அங்கே சாட்டு மட்டுமே. வியாகுலப் பிரசங்கம் அப்படி அவசரப்படுவதில்லை. ஒரு காயத்தின் முன்னால் அரைமணி நேரம் எங்களை இருத்தி வைக்கும்.

செய்யக்கூடியது எளிது. 1995இல் வெளியான பொதுமொழிபெயர்ப்புத் திருவிவிலியம் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாற்கு நற்செய்தியின் 14, 15ஆம் அதிகாரங்களை முதலில் ராகமின்றி, நிறுத்தாமல் வாசிக்கவேண்டும். அதன்பின் பிரசங்கம். எது சுவிசேஷம், எது எங்கள் புலம்பல் என்பது கேட்பவருக்குத் தானாக விளங்கும். இரண்டும் முடிந்தபின், மனஸ்தாப மந்திரத்துக்கு முன், கேள்வி கேட்கச் சிறிது நேரம் விடவேண்டும். முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதியிருப்பதை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். சமாரியரைக் கொன்றதாக எழுந்த முறைப்பாட்டின் பேரில், விளக்கம் சொல்லும்படி பிலாத்து பதவியிலிருந்து விலக்கப்பட்டு உரோமைக்கு அனுப்பப்பட்டானாம். மாமியிடம் அதைச் சொல்ல நான் ஊருக்குப் போனபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது.