அரூப ஓவியர்களின் தன்விளக்கங்கள்

அரூப ஓவியத்திலும் கலப்பு ஊடகப் படைப்பிலும் பார்வையாளர் எளிதில் அடையாளம் காணும் உருவமோ கதையோ பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் ஓவியர் தம் படைப்பைப் பற்றிச் சொல்லும் சொற்களே படத்துக்குள் நுழையும் வாசலாகிவிடுகின்றன. விளக்கத்தைப் படித்த பிறகே படத்தைப் பார்ப்பவர்கள் பலர். மாணவர்களின் கட்டுரைகளிலும் படத்தைவிட அந்த விளக்கமே அதிக இடம் பிடிக்கிறது.

இத்தகைய தன்விளக்கங்களில் இரண்டு வகைச் செய்திகள் கலந்திருக்கும். எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. வேலை எப்படி நடந்தது என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் ஓவியரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இரண்டாவதைப் படத்தோடும் பிற சான்றுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த வேறுபாட்டை மறந்தால் விளக்கம் படத்தை மறைத்துவிடும்.

கண்டின்ஸ்கி: ஒரு மாலைப்பொழுதும் முப்பது வரைவுகளும்

ரஷ்ய ஓவியர் வசீலி கண்டின்ஸ்கி (1866–1944) தம் நினைவுக் குறிப்புகளை 1913-இல் வெளியிட்டார். மியூனிக் நகரில் ஒரு மாலை மங்கலில் தம் பணியறைக்குள் நுழைந்தபோது, பொருள் எதுவும் புலப்படாத பேரழகான படம் ஒன்றைக் கண்டதாக அதில் கூறுகிறார். அது பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த அவருடைய படமே. பொருள்களைத் தீட்டுவது தம் ஓவியங்களுக்குக் கேடு என்று அப்போது உணர்ந்தாராம்.

இந்த நிகழ்ச்சி பல நூல்களில் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அவர் படங்களிலிருந்து குதிரைவீரர்களும் படகுகளும் மலைகளும் ஒரே நாளில் மறையவில்லை. சில ஆண்டுகளில் படிப்படியாகவே கரைந்தன. நினைவுக் குறிப்புகள் வெளிவந்த அதே 1913-இல் அவர் தீட்டிய ‘கம்போசிஷன் 7’ என்ற பெரிய ஓவியத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகள் உண்டு. இறுதிப் படம் நான்கு நாட்களில் முடிந்தது. அந்த நான்கு நாட்களின் விரைவு முன்வரைவுகள் தந்த பயிற்சியால் வந்தது. மாலைப்பொழுதின் கதை பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. நீண்ட உழைப்பின் ஒரு கணத்தை மட்டுமே அது காட்டுகிறது.

பொலாக்: பாதி மட்டும் நினைவில் நின்ற கூற்று

அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொலாக் (1912–1956) 1947-48-இல் ஒரு சிற்றிதழில் தம் முறையை விளக்கினார். துணியைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் நடப்பது, குச்சி, கரண்டி, கத்தி ஆகியவற்றைக் கையாள்வது, நீர்த்த வண்ணத்தைச் சொட்டவிடுவது, மணலையும் கண்ணாடித் துண்டையும் சேர்ப்பது என எல்லாமே திட்டவட்டமான செய்திகள். படத்துக்குள் இருக்கும்போது தாம் என்ன செய்கிறோம் என்பதை அறிவதில்லை என்றும் அவர் கூறினார். மக்கள் நினைவில் நின்றது இந்த ஒரு கூற்றுதான். மாற்றங்கள் செய்யத் தமக்குத் தயக்கமில்லை என்று தொடர்ந்து சொன்னதும், தம் வேலையில் தற்செயல் என்பதே இல்லை என்று பின்னர் மறுத்ததும் பின்னுக்குப் போயின. 1950-இல் ஹான்ஸ் நாமுத் எடுத்த புகைப்படங்களில் கையும் உடலும் பயின்ற ஒழுங்கோடு இயங்குவதைக் காணலாம்.

ஷ்விட்டர்ஸ்: பொருளே சாட்சி

ஜெர்மனியின் ஹனோவரைச் சேர்ந்த கூர்ட் ஷ்விட்டர்ஸ் (1887–1948) பயணச்சீட்டு, செய்தித்தாள் துண்டு, மரச்சில்லு போன்றவற்றை ஒட்டிப் படம் செய்தார். வணிகம் எனப் பொருள்படும் ‘கொம்மெர்ட்ஸ்’ என்ற அச்சுச் சொல்லில் எஞ்சிய ‘மெர்ட்ஸ்’ என்ற துண்டையே 1919-இல் தம் கலைக்குப் பெயராக்கினார். முதல் உலகப்போருக்குப் பின் எல்லாம் உடைந்துபோனதால் உடைசல்களிலிருந்தே புதியதை ஆக்க வேண்டியிருந்தது என்பது அவர் விளக்கம். இங்கே சொல்லும் படமும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. விளக்கத்தைப் படிக்காதவரும் படத்தில் கிழிசலையும் ஒட்டுதலையும் காண முடியும்.

ரஸா: ஆசிரியர் வரைந்த புள்ளி

எஸ். எச். ரஸா (1922–2016) மத்தியப் பிரதேசத்தில் மண்ட்லா பகுதியில் பிறந்தவர். அலைபாயும் மனத்தை ஒருமுகப்படுத்துவதற்காகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வரைந்து, அதையே பார்க்கச் சொன்னார் என்றும், தம் ‘பிந்து’ ஓவியங்களின் வேர் அதுவே என்றும் அவர் சொல்லிவந்தார்.

அந்தப் புள்ளி அவர் கலையின் மையமானது 1980 வாக்கில்தான். இடையே ஏறக்குறைய அரை நூற்றாண்டு. பம்பாயில் முற்போக்குக் கலைஞர் குழு, 1950-இல் பாரிஸ் பயணம், செசானைப் பயின்றது, 1962-இல் அமெரிக்காவில் கற்பித்தபோது ராத்கோவின் வண்ணப்பரப்புகளைக் கண்டது ஆகியவை அந்த இடைவெளியில் அடங்கும். இவையின்றி அந்தப் புள்ளி ஒரு பள்ளிக்கால நினைவாகவே நின்றிருக்கக்கூடும். ஆசிரியருக்குச் செலுத்தும் நன்றியாக இக்கதை உயர்ந்தது. ஆனால் ஓவியம் பிறந்த காரணம் முழுவதும் அதில் இல்லை.

பணிக்கர்: படிக்க வேண்டாத எழுத்து

கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர்; 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக வழிகாட்டியவர். 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் முதலில் கணிதக் குறிகளையும் ரோமன் எழுத்துகளையும், பின்னர் மலையாள எழுத்துகளையும் கையாண்டார். அவை படிப்பதற்கானவை அல்ல, பார்ப்பதற்கானவை என்பது அவர் நிலை.

மலையாளம் அறியாதவருக்கு இது எளிது. அவர் காண்பது வளைகோடுகளின் நெசவு. மலையாளம் அறிந்தவரின் கண்ணோ தன்னையறியாமல் படிக்க முயன்று, பொருள் கிடைக்காமல் திரும்பும். இந்த இரண்டாம் அனுபவமும் படம் தருவதே. ஓவியரின் சொல் அதை விலக்கிவிட முடியாது.

மதிப்பீடு

ஓவியரின் தன்விளக்கம் ஒரு சாட்சியம், தீர்ப்பு அன்று. அது நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டுகளுக்குப் பின் சொல்லப்பட்டது, எண்ணத்தைப் பற்றியதா செய்முறையைப் பற்றியதா, படத்தில் அதற்குத் தடயம் உண்டா என்ற மூன்றையும் மாணவர் கேட்க வேண்டும். கண்காட்சிக்குச் செல்பவர் முதலில் படத்தின் முன் சிறிது நேரம் நின்று, கண்டதைத் தம் சொற்களில் குறித்துக்கொண்டு, அதன்பின் ஓவியரின் விளக்கத்தைப் படிப்பது நல்லது. இரண்டும் பொருந்தாத இடத்தில் மீண்டும் படத்தையே பார்க்க வேண்டும்.