டார்பி நகர் ஓவியர் யோசப் றைற்

தலைநகரிற் புகழ்பெறாத கலைஞன் இரண்டாந் தரத்தினனே என்று கருதுவோர் பலர். இக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு யோசப் றைற்றின் வாழ்வு தக்க சான்றாகும்.

1734 இல் இங்கிலாந்தின் டார்பி நகரிற் பிறந்த றைற், இலண்டனில் தோமஸ் ஹட்சனிடம் உருவ ஓவியம் பயின்றார். ரெய்னோல்ட்ஸும் முன்னர் அவரிடமே பயின்றவர். ரெய்னோல்ட்ஸ் இலண்டனில் நிலைபெற்றார். றைற் பிறந்த ஊருக்கு மீண்டார். கேயின்ஸ்பரோ நீங்கிய பாத் நகரிலே 1775 இல் தொழில் நடத்த முயன்றபோது செல்வர் அவரை நாடிற்றிலர். 1777 இல் டார்பிக்குத் திரும்பியவர், 1797 இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

இத்தோல்வி கலைக்கு ஆக்கமாயிற்று. டார்பியைச் சூழ ஆலைத் தொழில் வளர்ந்த காலம் அது. குரோம்போர்டில் நூற்பாலை நிறுவிய ரிச்சாட் ஆர்க்றைற்றை 1789–90 இல் அவர் தீட்டிய ஓவியத்தை நோக்குக. பருத்த உடலும் அசையாத இருக்கையுமாக, உள்ளவாறே ஆலை முதலாளி காட்சியளிக்கின்றார். அருகே மேசைமீது அவர்தம் செல்வத்துக்கு மூலமான நூற்பு உருளைகள் உள்ளன. குலப்பெருமை பேசவேண்டிய இடத்தில் தொழிற்பெருமை பேசுகின்றது.

ரெய்னோல்ட்ஸின் கம்பீரமும் கேயின்ஸ்பரோவின் நளினமும் றைற்றிடம் இல்லை என்பது மெய்யே. ஆயினும், புதிதாய் எழுந்த ஒரு வகுப்பாரின் முகத்தை முகமன் கூறாது கண்டவர் அவர். அரச கலைக்கழகம் அளித்த முழு உறுப்புரிமையை 1784 இல் ஏற்க மறுத்தார். ‘டார்பி றைற்’ என்று ஊர்ப்பெயரோடு அவர் இன்றும் வழங்கப்படுதல் சாலவும் பொருந்தும்.