எழுத்தால் ஆன எழுத்து

கம்ப்யூட்டர்க்காரர்களிடம் ஒரு சின்ன வேடிக்கைப் புரோகிராம் உண்டு. யூனிக்ஸ் என்ற அமைப்பில் அதற்கு 'பானர்' என்று பெயர். பத்து எழுத்துக்கு மிகாமல் ஒரு வார்த்தையைக் கொடுத்தால் அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துத் தரும். பெரிய அச்சு எதுவும் அதனிடம் கிடையாது. நட்சத்திரக் குறி மாதிரி சாதாரணமான ஒரு சின்னக் குறியை வரிசை வரிசையாக அடுக்கி, எட்ட நின்று பார்த்தால் 'ஏ' என்றும் 'பி' என்றும் தெரியும்படி செய்துவிடுகிறது. ஒரே அச்சு யந்திரத்தைப் பல பேர் பங்கிட்டுக்கொண்ட காலத்தில், யாருடைய காகிதம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிவதற்காக முதல் பக்கத்தில் உரியவர் பெயரை இந்த மாதிரிதான் போடுவார்கள். பெர்க்லியில் செய்த யூனிக்ஸில் இன்னும் ஒரு விசேஷம்: பெரிய 'ஆர்' சின்னச் சின்ன 'ஆர்'களாலேயே ஆகியிருக்கும். 1991-இல் கிளென் சாப்பல், இயன் சாய் என்ற இருவர் இந்த வித்தையை விஸ்தரித்து 'ஃபிக்லெட்' என்று ஒன்று செய்தார்கள். அதில் எழுத்தின் வடிவத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். அடுத்தடுத்த எழுத்துக்கள் நெருங்கி உட்கார்ந்து ஒரு கோட்டைப் பொதுவில் வைத்துக்கொள்வதும் உண்டு.

இலக்கியம் பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். இதெல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று மார் தட்டுவதற்காக இல்லை. அந்தக் காரியத்துக்கு வேண்டிய ஆட்கள் நம்மிடையே ஏராளம். பெரிய எழுத்துக்காகச் சின்ன எழுத்து என்ன விலை கொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பல வீடுகளில் ஆஞ்சநேயர் படம் ஒன்று பார்த்திருப்பீர்கள். 'ஸ்ரீராமஜெயம்' என்பதையே ஆயிரக்கணக்கில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுதி, வாலும் கதையும் கிரீடமுமாக ஆஞ்சநேயரை வரைந்திருப்பார்கள். எழுதியவருக்கு அது ஜபம். பார்க்கிறவருக்குப் படம். வாசகன் என்று ஒருவன் அங்கே இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்தியின் கணக்கு வேறு.

கவிதை என்று பெயர் வைத்துக்கொண்டு வரும்போதுதான் வம்பு. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவியை நான்காகப் பிரித்து, சித்திரத்துக்கும் ஓர் ஆசனம் போட்டுவிட்டார்கள் நம் முன்னோர்கள். தண்டியலங்காரத்தின் சொல்லணிப் பகுதியில் சக்கரம், நாகபந்தம், கோமூத்திரி, மாலைமாற்று என்று இதன் வகைகள் வரிசையாக நிற்கின்றன. நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கும். உடல்கள் சந்திக்கிற கட்டத்தில் இருக்கும் எழுத்து இரண்டு வெண்பாவுக்கும் பொது. ஃபிக்லெட் கோட்டைப் பங்கிட்டுக்கொள்வதைவிட இது எத்தனையோ மடங்கு சிரமமான வேலை. ஆனால் பிற்காலத்தில் வந்த நாகபந்தங்களை எடுத்துப் படியுங்கள். சந்திப்பில் 'வ' வேண்டும் என்று ஆகிவிட்டால், 'வ' வருகிற சொல்லுக்காகப் புலவர் நிகண்டு முழுவதும் அலைந்திருப்பது தெரியும். உரையாசிரியர் கையைப் பிடித்து அழைத்துப் போகாவிட்டால் பொருள் கிடைக்காது. கிடைத்த பிறகும், 'இதற்கா இத்தனை?' என்றிருக்கும். பாம்பு பிழைத்தது, கவிதை செத்தது.

எல்லாவற்றையும் இப்படித் தள்ளிவிட முடியாதபடி குறுக்கே நிற்பது ஏழுகூற்றிருக்கை. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏழு வரையில் எண்கள் ஏறி இறங்கும். கட்டம் போட்டு எழுதினால் தேர்த்தட்டு மாதிரி அடுக்கடுக்காக வரும். அதனால் ரதபந்தம் என்றும் சொல்வார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் சீகாழிக்குப் பாடினார். பின்னால் திருமங்கையாழ்வார் குடந்தைக்கும், பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் சுவாமிமலைக்கும் பாடினார்கள். நாகபந்தத்தில் நடக்காதது இங்கே எப்படி நடந்தது? கட்டத்தில் வந்து உட்காருவது வெறும் எழுத்து இல்லை, எண். மூன்று என்றால் கண், நான்கு என்றால் வேதம், ஐந்து என்றால் பூதம் அல்லது திருவைந்தெழுத்து, ஆறு என்றால் முகம். கேட்கிறவர் மனத்தில் அந்த எண்கள் ஏற்கனவே பாரம் ஏறி நிற்கின்றன. கவி அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை, தொட்டால் போதும். திருமங்கை மன்னனின் பாட்டு இத்தனை கணக்கும் போட்டு முடித்து, உன் அடியைப் பணிகிறேன், வருகிற துன்பம் விலகட்டும் என்ற சாதாரண வேண்டுதலில் வந்து நிற்கிறது. தேர் மறந்துபோகிறது. தேரில் வந்தவர் மனத்தில் இருக்கிறார்.

பழனிமலையில் அருணகிரியார் அந்நியர் இல்லை. பூம்பாறையில் அவர் படுத்திருந்தபோது ராட்சசி ஒருத்தி வந்தாள் என்றும், முருகன் குழந்தையாக வந்து காத்தான் என்றும் சொல்வார்கள். அங்கே சுவாமிக்குப் பெயரே குழந்தை வேலப்பர்தான். அதே மலையில், கொடைக்கானலிலிருந்து வில்பட்டிப் பக்கம் இறங்கும்போது சரிவுகளைப் பாருங்கள். படிப்படியாக வெட்டிய வயல்கள், யாரோ மலை மேல் கொட்டை எழுத்தில் எதையோ எழுதிவிட்டுப் போன மாதிரி இருக்கும். கிட்டே போனால் ஒவ்வொரு கோடும் ஒரு பூண்டுப் பாத்தி, இல்லாவிட்டால் பீன்ஸ், காரட். மண் சரியக்கூடாதே என்று படி வெட்டினார்கள், அது அழகாகவும் அமைந்துவிட்டது. மேலே நின்று போட்டோ எடுக்கிறவருக்குக் கோடு தெரிகிறது. கீழே களை எடுக்கிற அம்மாளுக்குப் பூண்டு தெரிகிறது. அந்தப் பூண்டு சந்தையில் விலை போகாவிட்டால் கோட்டுக்கு அங்கே வேலை இல்லை.

மேல்நாட்டிலும் இந்த ஆசை இல்லாமல் இல்லை. 1633-இல் வெளிவந்த ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் தொகுதியில் சிறகு வடிவில் ஒரு பாட்டு இருக்கிறது. 1918-இல் வெளிவந்த தொகுதியில் உள்ள, மழையைப் பற்றிய கவிதையில் அபோலினேர் எழுத்துக்களை மழைக்கம்பி மாதிரி சாய்வாக இறக்கினார். அவை நிலைத்ததற்கும் காரணம் இதுவேதான் என்று நினைக்கிறேன்.

நம் நாவல்களைப் பார்த்தால் எனக்குப் பானரின் நினைவு அடிக்கடி வருகிறது. மூன்று தலைமுறை, ஒரு கிராமம், சுதந்திரப் போராட்டம், பிறகு பட்டணம் என்று திட்டமெல்லாம் பிரமாதமாக இருக்கும். அட்டையைப் பார்த்தால் கோபுரம். உள்ளே போனால், தாயார் இறந்த வீட்டில் 'சோகம் கப்பியது' என்று ஒரு வாக்கியம். அன்றைக்கு யார் அடுப்பு மூட்டினார்கள், அவள் கட்டியிருந்த புடவை என்ன ஆயிற்று என்று ஆசிரியருக்குத் தெரியாது. அந்த வாக்கியம் ஒரு நட்சத்திரக் குறி. அதை எடுத்துவிட்டு இன்னொரு நட்சத்திரக் குறியை வைத்தாலும் கோபுரம் அப்படியே நிற்கும். தொடர்கதையாக வாராவாரம் படித்த வாசகர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எட்ட இருந்து பார்த்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. மதிப்புரை எழுதியவர்களும் எட்டவே நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தமிழில் பானர் செய்ய உட்கார்ந்தால் ஓர் இடைஞ்சல் உண்டு. கம்ப்யூட்டரின் கணக்கில் 'கொ' என்பது ககரமும் ஒரு குறியும்தான். காகிதத்திலோ அந்தக் குறி ககரத்துக்கு இரண்டு பக்கமும் வந்து நிற்கவேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே போகிற புரோகிராம் கொம்பைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்துவிடும். கொம்பும் காலும் சேர்ந்த முழு உருவை யாராவது உட்கார்ந்து, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனித்தனியாக வரையவேண்டியதுதான். அப்படி வரைந்தாலும், ஆங்கில எழுத்துக்கு ஏழு வரி போதும் என்று வைத்த கட்டத்தில் 'ழ' அடங்குவதில்லை. அதன் வால் எட்டாவது வரியைக் கேட்கிறது.